மத்த பிள்ளைங்க மாதிரி

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கு மிஸ் மரஸ்கேலால் அவள் உள்ளங்கையில் அடித்த மறுநாள், லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். வீடு நெல்லித்தோப்பில், வேலை கோரிமேட்டில், ஆஸ்பத்திரி டோக்கன் கவுன்டரில். வெளியூர் பஸ்களில் வந்து இறங்குகிறவர்களுக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லிச் சொல்லி, சண்டை போட எனக்குத் தெம்பே இருப்பதில்லை. அன்று மட்டும் எங்கிருந்தோ வந்தது.

"பிள்ளைங்கள அடிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு" என்றேன் தலைமை ஆசிரியையிடம். கட்டாயக் கல்விச் சட்டம், பதினேழாம் பிரிவு என்று போனில் பார்த்துப் படித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் மறுக்கவில்லை. கணக்கு மிஸ்ஸைக் கூப்பிட்டு என் முன்னாலேயே கண்டித்தார். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "நாமல்லாம் வாங்காத அடியா?" என்றார். வாங்கியதுதான். என் அப்பா பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்துப் பள்ளியில் மூலையில் முட்டி போட்டவர். அவர்கள் போய் எத்தனையோ வருஷம் கழித்து நான் படித்தபோதும் அதே முட்டிதான். போதும் என்று ஒருத்தராவது சொல்ல வேண்டாமா?

அதற்குப் பிறகு மிஸ் என் மகளை அடிக்கவில்லை. கூப்பிடவும் இல்லை. கை தூக்கினால் பார்ப்பதில்லை. நோட்டை நீட்டினால், "அங்க வச்சிட்டுப் போ" என்பதோடு சரி. திருத்தாமலே திரும்பி வரும். மற்ற பிள்ளைகளுக்கு ஸ்கேல் வழக்கம்போல விழுந்துகொண்டிருந்தது. அவர்களுடைய பெற்றோர் யாரும் கேட்கவில்லை. பள்ளி வாசலில் ஒரு அம்மா என்னிடம், "கண்டிச்சாதான படிக்கும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிள்ளையின் மனத்தை வதைப்பதும் தப்பு என்று அதே சட்டம் சொல்கிறது. பார்க்காமல் இருப்பதை நான் எங்கே போய்க் காட்டுவது?

ஒரு நாள் சாயங்காலம் மகள் டிபனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். "மா, என்னயும் அடிக்கச் சொல்லிட்டு வாயேன்" என்றாள். அழவில்லை. கடையில் பென்சில் வாங்கி வரச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

மறுபடியும் லீவு. சட்டத்தை மனத்துக்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன். ஸ்டாஃப் ரூம் வாசலில் மிஸ், "நான் தொடவே இல்லியே மேடம்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. கையில் ஒரு கட்டு நோட்டோடு அவரும் களைத்துப்போய்த்தான் நின்றார். அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தெம்பும் போய்விட்டது.

"மத்த பிள்ளைங்க மாதிரியே பாத்துக்கோங்க மிஸ்" என்றேன்.

என்ன சொல்கிறேன் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பஸ் ஏறும்வரை என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அன்று மகள் துள்ளிக்கொண்டு வந்தாள். "மிஸ் என்னய போர்டுக்குக் கூப்ட்டாங்க மா. ஒரு கணக்கு தப்பாயிடிச்சி" என்று கையை விரித்துக் காட்டினாள். சிவந்திருந்தது. தேங்காய் எண்ணெய் எடுத்துத் தடவிவிட்டேன். அவள் பேச்சு நிற்கவே இல்லை.