ஓரகத்தி வீட்டுச் சிவப்பு

விரல் நீளக் கண்ணாடிச் சீசா ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது அதில் தேங்காய் எண்ணெய். ஊற்றும்போதெல்லாம் தளும்பத் தளும்ப ஊற்றிவிடுகிறேன். ஒரு காற்றுக் குமிழிகூட உள்ளே நிற்கக் கூடாது என்று அதைத் தந்த அதிகாரி சொன்னது மறக்கவில்லை.

எழுபதுகளில் அவர் மெட்ராஸிலிருந்து ஜீப்பில் வந்தார். காஞ்சிபுரத்துக் கிணறுகளில் எதற்குப் பாலாற்றிலிருந்து தண்ணீர் வருகிறது, எதற்குக் குளத்திலிருந்து வருகிறது என்று பார்க்க. அப்போது நாங்களும் ஓரகத்தி வீட்டாரும் தனித்தனியே பட்டு நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தோம். பாகம் பிரித்தபோது கோயில் குளத்தை ஒட்டிய பழைய வீடும் கிணறும் என் கணவரின் அண்ணனுக்குப் போயின. நாங்கள் ஊருக்குத் தெற்கே குடிவந்தோம். அதே சாயம், அதே பட்டு. ஓரகத்தி முக்கியெடுத்த அரக்குச் சிவப்பு ஈரத்திலேயே பளபளக்கும். என்னுடையது காய்ந்ததும் மங்கிவிடும். நெசவாளர்கள் அவள் வாசலில்தான் நின்றார்கள். "அவங்க கெணத்துல பாலாத்து ஊத்து இருக்குதும்மா, நீ என்னா பண்ணுவ?" என்று எனக்கு ஆறுதல் சொல்வார்கள். கிணறு மட்டும் எங்கள் பங்கில் வந்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை. சாயம் ஏறிய அவள் விரல்களைப் பார்த்தாலே வயிறு எரியும்.

அதிகாரி அவள் கிணற்றில் தண்ணீர் எடுத்த அன்று நானும் போயிருந்தேன். அந்நிய ஆண்களிடம் வாய் திறக்காத நான், "எங்க கெணத்துலயும் எடுங்க சார்" என்று சொல்லிவிட்டேன். ஓரகத்தி சிரித்தாள். "ஏம்மா, உன் கெணத்துக்கும் ஜாதகம் பாக்கணுமா?"

அவர் வந்து சீசாவில் தளும்பத் தளும்ப எடுத்தார். மிஞ்சிய சீசா ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். சில மாதம் கழித்துத் திரும்பி வந்து, எங்கள் இருவரிடமும் சொன்னார். "தேங்கி நிக்கற குளத்துல லேசான தண்ணி வெயில்ல மொதல்ல ஆவியாயிடும்மா. கனமானது மிஞ்சும். ஐசோடோப்புன்னு பேரு. இந்தப் பெரியம்மா கெணத்துல அந்த அடையாளம் இருக்குது, அது குளத்துத் தண்ணி. உங்களுதுதான் பாலாத்துத் தண்ணி."

ஜெயித்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். வீடு வந்து, கொடியில் மங்கிக் கிடந்த என் நூலைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. குறை சொல்ல இனிமேல் கிணறும் இல்லை.

ஓரகத்தி அதோடு விடவில்லை. "பாலாத்துத் தண்ணியாமே, ரெண்டு கொடம் அனுப்பு, பாக்கலாம்" என்றாள். அனுப்பினேன். அந்தத் தண்ணீரில் முக்கியெடுத்த நூல் கழியை அவளே எடுத்துக்கொண்டு வந்து என் கொடியில் மாட்டினாள். "சும்மா சொல்லக்கூடாது, தங்கமான தண்ணிம்மா உன்னுது" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். என் நூலுக்குப் பக்கத்தில் அது நெருப்பாய் நின்றது.

ஓரகத்தி இப்போது இல்லை. கல்யாண வீடுகளில் யாராவது பழைய சேலையைத் தடவி, "பெரியவங்க போட்ட செவப்புப்பா இது" என்பார்கள். ஒரு கழி எங்கள் கிணற்றுத் தண்ணீரில் போட்டதாக்கும் என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து, தலைக்கு எண்ணெய் எடுத்துவிட்டு, சீசாவை மறுபடி தளும்ப நிரப்பி மூடிவைக்கிறேன்.