முகம் காணாத சாவு

அக்காவோடு வாதாடி வாதாடி என் தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம். அத்தான் கொரோனாவில் செத்துப்போனார். அவள் மட்டும் சாகவில்லையென்றாள். "ஆக்களை உயிரோடை ஒளிச்சு வைச்சு மருந்து பரிசோதிக்கிறாங்கள். வெளிநாட்டிலை இருந்து ஒரு டொக்டர் வொய்ஸ் போட்டிருக்கிறார், கேட்டுப்பார்" என்று போனை என் காதில் வைப்பாள். டொக்டராம்! கோதாரியில் போவான். "விசர்க்கதை கதையாதை" என்று கத்திவிட்டு வந்துவிடுவேன்.

அந்த எண்ணம் அவளுக்கு எங்கே தொடங்கியது என்றும் எனக்குத் தெரியும். சாவுச் செய்தி வந்த அன்று காலை ஆசுபத்திரிக்குப் போன் எடுத்தபோது, "கஞ்சி குடிச்சவர், சுகமாயிருக்கிறார்" என்றார்கள். பின்னேரம் அவர்களே எடுத்து, முதல்நாள் இரவே முடிந்துவிட்டது என்றார்கள். யாரோ கட்டில் மாறிப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். அதை ஒருவரும் வந்து விளங்கப்படுத்தவில்லை. பெட்டியைச் சீல் வைத்து அவர்களே எரித்தார்கள். அக்கா முகம் பார்க்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. "செத்த மனுசன் கஞ்சி குடிக்குமோ?" என்று அவள் கேட்பாள்.

தள்ளிப்போன அந்தியேட்டிக் கிரியையைச் செய்தாலாவது மனம் ஆறுவாள் என்று, போன வருடம் கெஞ்சிக் கூத்தாடிக் கீரிமலைத் தீர்த்தக்கரைக்குக் கூட்டிப்போனேன். பிள்ளைகள் இல்லாதபடியால், அவள் தர்ப்பையை எடுத்துத் தர, நான் கிரியை செய்வதாக ஏற்பாடு. ஐயர் இறந்த திதியைக் கேட்டார். நான் சொன்னேன். அக்கா தர்ப்பையைத் தராமல் என்னையே பார்த்தாள்.

"நீ சுடலைக்குப் போனனிதானே. அத்தான்ரை முகத்தைக் கண்டனியோ?"

போனேன்தான். கயிறு கட்டித் தூரத்தில் நிறுத்திவிட்டார்கள். பெட்டியைத்தான் கண்டேன். "ஓம்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவள் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை.

"இல்லையக்கா."

அவள் தர்ப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போய் நாங்கள் வந்த வாகனத்தில் ஏறிவிட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை, ஐயருக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன்.

கொஞ்ச நாளில் ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் சுற்றித் திரிந்த வொய்ஸ் ஒன்று என் போனுக்கும் வந்தது. அக்காவின் குரல். "அந்தப் பெட்டிக்குள்ளை எங்கடை ஆள் இல்லை. சுடலைக்குப் போன என்ரை சொந்தத் தம்பியே முகத்தைக் காணேல்லையாம். அவன் பொய் சொல்லமாட்டான்." அத்தான் போனபிறகு அவள் இவ்வளவு சந்தோஷமாகக் கதைத்து நான் கேட்டதில்லை.

அதன் கீழே யாரோ ஒரு பெண் எழுதியிருந்தாள்: "அக்கா, என்ரை மனுசன்ரை முகத்தையும் நாங்கள் காணேல்லை. அப்ப அவரும் இருப்பாரோ?"