இடப்பக்கமாக வந்த படை

முதலில் ஒரு வேலையை முடித்துவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய பாராட்டுகளை எல்லாம் திருப்பித் தந்துவிடுகிறேன்.

நாலு வாரம் முன்பு இதே இடத்தில் நான் அடித்த தம்பட்டம் நினைவிருக்கிறதா? டிவியில் மாட்டி விளையாடும் பேரரசு கேமில், என் வீட்டுக்காரரின் நாலு ஊர்களை ஒரே வாரத்தில் பிடித்துவிட்டேன் என்று எழுதியிருந்தேன். ‘ராணியம்மா வாழ்க’ என்று காரைக்குடியிலிருந்து ஒருவர். ‘அண்ணனுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று இன்னொருவர். படித்துப் படித்துச் சிரித்தேன்.

இப்போது அந்தக் கடிதங்களைக் கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. நானும் ஏகாம்பரமும் – அதுதான் வீட்டுக்காரர்; பெயர் சொல்ல இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் மட்டும்தான் எனக்கு லைசென்ஸ் – காஞ்சிபுரத்தில் பட்டுத் தறி போட்டிருக்கிறோம். ஒரு தறி, இரண்டு ஆள். மகள் தேன்மொழிக்கு பெங்களூரில் வேலை. புது கன்சோல் வாங்கியதும் பழையதை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். அதில் இருந்தவற்றில் எங்களுக்குப் பிடித்தது இந்த ஒன்றுதான். சுடுவதில்லை, ஓடுவதில்லை. ஒரே ஒரு ஊரில் ஆரம்பித்து, வயல் போட்டு, மதில் கட்டி, படை சேர்த்து, பக்கத்து ஊர், அதற்கும் பக்கத்து ஊர் என்று ராஜ்ஜியத்தை வளர்க்க வேண்டும். எல்லாமே முறை வைத்துத்தான். என் முறை முடியும்வரை அவர் ஒன்றும் செய்ய முடியாது. அவர் முறை முடியும்வரை நான். அவசரமே கிடையாது. ஐம்பது தாண்டிய விரல்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இருப்பது ஒரே கன்ட்ரோலர். ஆகவே ஒருவர் ஆடும்போது மற்றவர் சமையலறைக்குள் போய்விட வேண்டும். எட்டிப் பார்த்தால் ஒரு முறை ரத்து. இது எங்கள் வீட்டுச் சட்டம். மதியம் சாப்பிட்டதும் ஆளுக்கு ஐந்து முறை ஆடிவிட்டுத் தறிக்குப் போவோம். அமாவாசை என்றால் தறிக்கு லீவு – அன்று காலையிலிருந்தே போர்தான்.

கேம் வைத்த ஊர்ப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களாக மாற்றினோம். அவருடைய மேற்கு எல்லையில், அதாவது திரையின் இடப்பக்கத்தில், கூரமும் திருப்புட்குழியும் இன்னும் மூன்று ஊர்களும். கிழக்கே வேறு ஊர்கள். என் தலைநகரம் திருப்பருத்திக்குன்றம். அதை டைப் அடிப்பதற்குள் மனுஷன் ஒரு குட்டித் தூக்கமே போட்டுவிட்டார்.

சரி, போருக்கு வருகிறேன். திருப்புட்குழி எல்லையில் என் குதிரைப்படை மூன்று முறை பகிரங்கமாக நின்றது. அவர் ஒன்றுமே செய்யவில்லை. ஏதோ சூழ்ச்சி என்று எனக்கு உதறல். நாலாவது முறை உள்ளே நுழைந்தேன். ஒரு காவல்கூட இல்லை!

“இன்னாமா இது? நீ எப்போ வந்த? இந்த கேம் ஏதோ தில்லுமுல்லு பண்ணுதுமா.”

“கேம் இல்லீங்க. நான்தான்.”

இப்படியே நாலு ஊர். இதற்கிடையில் நான் ஒரு குற்றமும் செய்தேன். அவர் முறையில் சமையலறைக் கதவிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தேன். ஒரு தடவைகூட மாட்டவில்லை. என்ன சாமர்த்தியம் எனக்கு என்று பூரித்துப் போனேன்.

அந்தச் சமையலறைக் கதவு, அவர் உட்காரும் நாற்காலிக்கு இடப்பக்கம்.

போன அமாவாசை. காலையில் இரண்டு மணி நேரம் போர். பிறகு படையல் போட்டு, காக்கைக்கு வைத்துவிட்டு, அவருக்கு இலை போட்டேன். வாழைக்காய்ப் பொரியல், கூட்டு எல்லாம் வலப்பக்கம். வடை, அப்பளம், ஊறுகாய் இடப்பக்கம். நான் ரசம் எடுத்துக்கொண்டு வருவதற்குள் மோர் சாதத்துக்கே தயாராகிவிட்டார். பொரியல் காலி. கூட்டு காலி. வடை மட்டும் வைத்தபடியே இருக்கிறது.

வடையை விட்டுவைக்கிற மனுஷனா இவர்? படையலுக்கு முன்பே சமையலறையில் மோப்பம் பிடிக்கிற ஆள்!

“ஏங்க, வடை வேணாமா?”

“நீ எங்கமா வெச்ச? நானே கேக்கலாம்னு இருந்தேன்.”

விளையாடுகிறார் என்று நினைத்தேன். ரசத்தைக் கீழே வைத்துவிட்டு, இலையைப் பிடித்து அப்படியே அரைவட்டம் திருப்பினேன். இடப்பக்கம் வலப்பக்கமாயிற்று.

“அட, வடை! எப்போ வெச்ச?”

சாப்பிட ஆரம்பித்துவிட்டார். முகத்தில் துளி விளையாட்டு இல்லை. இருபத்தாறு வருஷமாக அந்த முகத்தைப் பார்க்கிறேன். கேலி செய்யும்போது அதன் மூக்கு எப்படி விடைக்கும் என்று எனக்குத் தெரியாதா?

கரண்டியை எடுத்து அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் நீட்டி ஆட்டினேன். வடையை மென்றுகொண்டே இருந்தார். கொஞ்சம் முன்னால் கொண்டு வந்தேன். இடது கண்ணுக்கு நேரே... அப்போதும் ஒன்றுமில்லை. மூக்குக்கு நேராக வந்த பிறகுதான் திடுக்கிட்டார்.

“இன்னாத்துக்கு மூஞ்சியாண்ட கரண்டிய ஆட்டிக்கினு இருக்குற?”

கரண்டியைக் கீழே வைத்தேன். அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் எங்கள் வரைபடம். நான் பிடித்த நாலு ஊரும் அவருடைய இடப்பக்கம். வலப்பக்கமாக நான் அனுப்பிய படை ஒன்றுவிடாமல் அடிவாங்கித் திரும்பியிருந்தது. ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை.

வரிசையாக ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த என்னை அவர் வண்டியில் உரசிவிட்டுப் போனது. நிஜத் திருப்புட்குழிக்குப் பெருமாள் சேவிக்கப் போனபோது, ஹைவேயில் இடது ஓரமாக நின்றிருந்த லாரி. பின்னால் உட்கார்ந்திருந்த நான் கத்திய கத்தலில்தான் வண்டியை ஒடித்தார். ‘கவனமே இல்ல உங்களுக்கு’ என்று கோயில் வாசல்வரை திட்டிக்கொண்டே போனேன். கவனம் இல்லையாம்! அந்த லாரியே அவருடைய உலகத்தில் இல்லை. ஒரு மாதமாக அவர் பின்னால் உட்கார்ந்து பாதி ரோட்டில் போய்வந்திருக்கிறேன்.

ஆனால் தறியில்? தினம் எட்டு மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறோமே, அங்கே எப்படித் தெரியாமல் போயிற்று?

அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்கள் புடவை கோர்வைப் புடவை. கரை ஒரு நிறம், உடல் வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோர்த்துக்கொண்டே போக வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். எங்கள் தறியில் நான் அவருக்கு இடப்பக்கம். இடப்பக்கக் கரை முழுக்க என் பொறுப்பு. அந்தக் கரைக்குக் குறுக்கு இழை கொண்டுபோகும் நாடாவை நான்தான் ஓட்டுவேன். அந்தப் பக்கம் இழை அறுந்தால் நான்தான் முடிச்சுப் போடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் இடப்பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. போன மாதம் என் எல்லையையும் தாண்டி, உடல் பகுதியிலேயே இரண்டு மூன்று இழை அறுந்து கிடந்தது. ‘இதைக்கூடப் பார்க்க மாட்டீங்களா’ என்று முணுமுணுத்துக்கொண்டு அதையும் நானே முடிந்துவிட்டேன். புடவை பழுதில்லாமல் இறங்கியது. பழுது ஏகாம்பரத்துக்குள் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலமெல்லாம், அவருக்கு என்ன குறைகிறதோ அதை நானே போட்டு நிரப்பிக்கொண்டிருந்தேன். எதிரியாக உட்கார்ந்த பிறகுதான் அது வெளியே வந்தது. ரொம்பவும் ஒட்டி வாழ்ந்தால் ஒருவரை ஒருவர் பார்க்கவே மாட்டோமோ என்னவோ...

தேன்மொழிக்கு போன் போட்டேன். அவள் கத்தினாள்.

“அம்மா, அப்பாவ வண்டியத் தொட வுடாத! இப்பவே ஆட்டோ புடி. ஆஸ்பத்திரிக்குப் போ. நான் கிளம்பிட்டேன்.”

“இன்னாத்துக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்? எனக்கு எல்லாம் நல்லாதான் தெரியுது” என்றார் இவர். அதுதானே பயமே! ‘தெரியவில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

ஸ்கேன் அறைக்குள் போகுமுன் வாட்ச், மோதிரம், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். அரைஞாண் இன்னும் சூடாக இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நேரத்தை நான் விவரிக்கப் போவதில்லை. காமாட்சியிடம் என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்பதும் எங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

வெளியே வந்தவர் சொன்னார்: “தறி சத்தம் மாரியே இருக்குதுமா உள்ள.” சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

மூளையின் பின்பக்கத்தில் சின்ன ரத்தக்குழாய் ஒன்றில் அடைப்பாம். கண் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் இடது பாதியைப் பார்க்கிற இடம் வேலை செய்யவில்லை.

“அவருக்கே தெரியாதா டாக்டர்?”

“காணாததை எப்படிமா கவனிப்பாரு? மிச்சத்தை மூளையே நிரப்பிக்கும். அவருக்கு முழுசா பார்க்கிற மாதிரிதான் இருக்கும். அது சரி, நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“இலையில வடை மிச்சம் இருந்தது டாக்டர். அப்புறம்... கேம்ல இவர் ஊரையெல்லாம் நான் புடிச்சுட்டேன்.”

டாக்டர் சிரிக்கவில்லை. “இன்னும் ஒரு மாசம் இப்படியே வண்டி ஓட்டியிருந்தா...” என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். அந்த நிறுத்தத்தில் எனக்கு உயிரே போய்விட்டது.

மாத்திரை தந்திருக்கிறார்கள். வண்டிச் சாவி இப்போது அரிசி டின்னுக்குள். பார்வை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், சில மாதம் பார்க்க வேண்டும். அதுவரை தலையை இடப்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும். அவர் பார்க்கிற எதற்கும் இடது ஓரத்தில் ஒரு சிவப்புப் பட்டை ஒட்டச் சொன்னார் டாக்டர். ‘சிவப்பு தெரியும்வரை திரும்புங்கள்.’ எங்கள் வீட்டில் சிவப்புப் பட்டுக்குப் பஞ்சமா? நிலைக்கதவில், கண்ணாடியில், டிவியின் இடது ஓரத்தில் என்று வீடெங்கும் ஒட்டிவிட்டேன்.

இந்த வாரம், விட்ட இடத்திலிருந்து மறுபடி கேம் ஆரம்பித்தோம். என் படைகளை எல்லாம் ஊருக்குள்ளேயே உட்கார வைத்தேன். இரண்டே முறையில் கண்டுபிடித்துவிட்டார்.

“இன்னாமா, எனக்குப் பிச்சை போடுறியா?”

“இல்லீங்க, இப்போதைக்கு சமாதானம்...”

“சமாதானமும் வேணாம், ஒண்ணும் வேணாம். இடப்பக்கமா வா. நீ வந்தாதான் எனக்குத் தெரியுதா இல்லியான்னு தெரியும். எனக்கு மட்டும் பயம் இல்லேன்னு நெனச்சுக்கினியா?”

அதுவரை அவர் ‘பயம்’ என்ற வார்த்தையைச் சொன்னதே இல்லை.

அனுப்பினேன். ஆறு படை. மேற்கே அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஊர் கூரம். அதன் மதிலுக்கு அந்தப் பக்கம், திரையின் இடது ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போனேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சத்தமே இல்லை. தாங்க முடியாமல் எட்டிப் பார்த்தேன். தலை வலப்பக்கம் இருந்தது. கிழக்கே ஏதோ வயல் போட்டுக்கொண்டிருந்தார். தலை மெல்ல நடுவுக்கு வந்தது. நின்றது. திரும்ப வலப்பக்கமே போய்விட்டது. கட்டைவிரல், முறையை முடிக்கும் பட்டனுக்கு மேல் போய் நின்றது.

கத்திவிடலாமா? ‘கூரத்தைப் பாருங்க’ என்று ஒரு வார்த்தை... சொல்லிவிட்டால் அதுவும் தறிக் கதைதானே! முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

விரல் பட்டனிலிருந்து விலகியது. தலை மறுபடி திரும்ப ஆரம்பித்தது. நடு. நடுவைத் தாண்டி இன்னும் கொஞ்சம். சிவப்புப் பட்டு.

“அடிப்பாவி! கூரத்தாண்ட ஆறு பேரு நின்னுக்கினு இருக்கானுங்க!”

தலை அங்கேயும் நிற்கவில்லை. சிவப்பைத் தாண்டி, சுவரைத் தாண்டி, சமையலறைக் கதவுவரை வந்தது.

“எட்டிப் பார்க்குறியா நீ? ஒரு முறை ரத்து!”

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். பயம் போய்விட்டதா? எங்கே போகும்? நாளை மதியமும் கட்டைவிரல் அந்தப் பட்டன்மேல் நிற்கும், நானும் முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்பேன். இன்றைய நிலவரம் மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஆறு படையும் காலி, எனக்கு ஒரு முறை ரத்து.

பாராட்டுகளை இப்போது அனுப்பலாம்.