பொள்ளாச்சித் தளத்தை உடைக்க வைத்தவன்

கோயம்புத்தூர், ஈரோடு, பாலக்காடு, மைசூர் என நான்கு ஊர்களின் கான்கிரீட் சோதனைக்கூடங்கள் ஒரே விதிமுறைக்கு வருவதாக முடிவாயிற்று. ஓர் ஊர் தரும் சான்றை மற்ற மூன்றும் ஏற்க வேண்டும். அதற்கு முன் ஒரு பரீட்சை. ஒரே கலவையில் வார்த்த கட்டிகளை ஆளுக்குச் சில எடுத்துப்போய், இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, எந்த அழுத்தத்தில் நொறுங்குகின்றன என்று பார்த்து, அந்த எண்ணை ஒட்டிய உறையில் கொண்டுவர வேண்டும். எண் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும் கூடத்துக்கு இடமில்லை.

பீளமேட்டுக் கூடத்துக்கு நான் பொறுப்பு. நொறுக்கும் இயந்திரத்தை ஆண்டுக்கொரு முறை சரிபார்க்க வேண்டும் என்ற விதியை எழுதியவனே நான்தான். என் இயந்திரத்தைச் சரிபார்த்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

என் கட்டிகள் இருபத்து நான்கு மெகாபாஸ்கல் அழுத்தத்தில் உடைந்தன. ஈரோட்டுக் கூடத்தை நடத்துபவன் என் கல்லூரித் தோழன். போன் செய்தேன்.

"உன்ற கட்டி எவ்வளவுக்கப்பா ஒடஞ்சுது?"

"முப்பத்தொண்ணு. பாலக்காட்டுக் கூடத்து அம்மாவுக்கும் அதேதானாம். ஏப்பா, எட்டிப் பார்த்து எழுதற பழக்கம் இந்த வயசுலயும் போகலையா உனக்கு?"

அவன் சிரித்தான். நான் போனை வைத்தேன். என் இயந்திரம் குறைத்துக் காட்டுகிறது. அப்படியென்றால் பொள்ளாச்சி?

அங்கே ஒரு கொப்பரைக் கிடங்கின் கான்கிரீட் மேல்தளம் தேறவில்லை என்று முந்தைய மாதம்தான் சான்று கொடுத்திருந்தேன். அந்தத் தளத்தைப் போட்ட மேஸ்திரி கூடத்துக்கே வந்து நின்றார்.

"நாந் தண்ணி சேத்தலீங்க சார். எம்பட ஆளுங்களையும் சேத்த உடலீங்க."

"தண்ணி சேர்க்காம இப்படி வராதுங்க மேஸ்திரி" என்றேன். தளத்தைத் துளைத்து எடுத்து வந்த துண்டுகளையும் அதே இயந்திரத்தில்தான் நொறுக்கினேன். கலவையில் கூடுதலாகத் தண்ணீர் விட்டு வலுவைக் கெடுத்தவர் என்ற பேர் அவருக்கு நிலைத்துவிட்டது. தளத்தை அவரே உடைத்துத் தர வேண்டும் என்றார் கிடங்குக்காரர்.

உடைக்கத் தொடங்கும் நாளும் எங்கள் கூட்டமும் ஒரே திங்கட்கிழமை. போன் சட்டைப் பையில் இருந்தது. நிறுத்துங்கள் என்றால் ஏன் என்று கேட்பார்கள். நான் உறைக்குள் முப்பது என்று எழுதி ஒட்டியிருந்தேன்.

உறைகளைப் பிரித்தார்கள். பாலக்காட்டு அம்மா என்னைப் பார்த்தார். "சார், மிஷினைக் கடைசியா எப்ப சரிபார்த்தீங்க?"

"இந்த வருஷந்தானுங்க."

கை தட்டினார்கள். என் கூடம் சேர்ந்துவிட்டது. சாப்பிடாமல் பொள்ளாச்சிக்குப் போனேன்.

பாதித் தளம் கீழே கிடந்தது. உடைக்கும் ஆள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்தான். "இதை யாருங்க மட்டம்னு சொன்னது? காலையிலிருந்து ரெண்டு உளி மொனை போச்சுங்க."

மேஸ்திரி என்னைக் கண்டதும் ஒரு சொம்பு மோரோடு வந்தார். "வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்க சார்." நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார். "கல்லாட்டம் இருக்குதுங்களே சார். தண்ணி உட்டிருந்தா இப்பிடி இருக்குமுங்களா?"

மீதிப் பாதி அப்போதும் நின்றுகொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும்.

"மேலோட்டமாப் பார்த்தா அப்படித்தான் தெரியுமுங்க" என்றேன்.

அவர் காலிச் சொம்பை வாங்கிக்கொண்டார். "படிச்சவங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்." பிறகு உடைக்கும் ஆளிடம் திரும்பி, "ஓட்டு கண்ணு" என்றார்.

இயந்திரத்தைப் பிறகு இரகசியமாகச் சரிபார்க்கச் செய்தேன். குறைத்துத்தான் காட்டியிருக்கிறது. நான்கு கூடங்களுக்கும் கிடங்குக்காரருக்கும் போன வாரம்தான் உண்மையை எழுதி அனுப்பினேன். மேஸ்திரி இந்தப் பக்கம் யாரும் வேலை கொடுக்காததால் எங்கோ போய்விட்டார். எங்கே என்று அவருடைய ஆட்களுக்கும் தெரியவில்லை. அவரை அறிந்த யார் கண்ணிலாவது இது பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அந்தத் தளத்தில் அவர் தண்ணீர் சேர்க்கவில்லை.