உத்தனப்பள்ளிப் பசுவுக்கு ஈ.சி.ஜி.

ஓசூர் பக்கம் மாடுகளுக்கு ஈ.சி.ஜி. எடுக்கப் போகும் இளம் டாக்டர்கள் சிலர், என் பழைய பயணத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அறுபதுகளின் கடைசி அது. பெங்களூரில் கால்நடை மருத்துவ மேல்படிப்பில் இருந்தேன். உத்தனப்பள்ளியில் நிறைசினைப் பசு ஒன்றுக்கு இதயக் கோளாறாக இருக்கலாம் என்று உள்ளூர் மருத்துவர் சொல்லியனுப்ப, துறையின் ஈ.சி.ஜி. பெட்டியோடு கிளம்பினேன்.

ஓசூர் நாற்பது கிலோமீட்டர். பெட்டியைக் கூரைமேல் போடச் சொன்ன கண்டக்டரிடம் கன்னடத்தில் கெஞ்சி, மடியிலேயே வைத்துக்கொண்டேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் கோடு வரையும் ஊசி உடைந்ததோ என்று திறந்து பார்த்தேன். ஓசூரில், உத்தனப்பள்ளி வழியாகப் போகும் ராயக்கோட்டை பஸ் தாமதம். இருப்புக்கொள்ளாமல் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ரோட்டுக்கும் கடைக்குமாக நடந்தேன்.

பசு சூசை, ரெஜினா தம்பதியுடையது. தாடை கீழே வீங்கி, கழுத்து நரம்பு கயிறுபோல் புடைத்திருந்தது.

"தீனி எடுக்கலைங்க. படுக்கவும் மாட்டேங்குது," என்றார் ரெஜினா.

"நாளைக்குச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போக ஆள் வராரு சார்," என்றார் சூசை.

பக்கத்துத் தோட்டத்து மோட்டார் அறையிலிருந்து கரண்டு இழுத்தோம். தோலில் ஸ்பிரிட் தடவி கிளிப்புகளை மாட்டினேன். மோட்டார் ஓடியதால் காகிதம் முழுக்கக் கிறுக்கல்.

"கொஞ்ச நேரம் நிறுத்துங்களேன்," என்று தோட்டக்காரர் முனியப்பாவிடம் கேட்டேன்.

"கரண்டு போறதுக்குள்ள ராகிக்குத் தண்ணி பாயணுமே சார்," என்றவர், ரெஜினாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

இப்போது கோடு தெளிவாக வந்தது. ஆனால் துடிப்புகள் எழும்பவே இல்லை. இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தால்தான் இப்படி இருக்கும். விலாவுக்குள் ஊசி செலுத்தி நீரை உறிஞ்சினேன். நாற்றமடிக்கும் சீழ்நீர் வந்தது. தீனியோடு விழுங்கிய கம்பி ஏதோ இதயத்தின் உறைவரை குத்தியிருக்க வேண்டும்.

"பசு பிழைக்காதுங்க. நீரை எடுத்துக்கிட்டே இருந்தா கன்னு வர்ற வரைக்கும் தாங்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

"வேதனையோட நிக்க வைக்கிறது நியாயமா சார்?" என்றார் சூசை.

"சந்தைவரைக்கும் அது நடக்கணுமே. அது வேதனை இல்லையா?" என்றார் ரெஜினா.

மறுநாள் வந்த ஆளைச் சூசையே திருப்பி அனுப்பினார். நான் அங்கேயே தங்கினேன். தினமும் நீரை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் துடிப்பு சற்று எழும்பும், பிறகு அமுங்கிவிடும். கை ஓயவில்லை, மனமும் ஓயவில்லை. ஒரு விடியலில் கிடாரிக் கன்று பிறந்தது. பசு நின்றபடியே அதை நக்கித் துடைத்தது. ரெஜினா சீம்பால் கறந்து புகட்டினார். மதியத்துக்குள் பசு சரிந்து விழுந்து இறந்தது. சூசை அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

இன்று போகிறவர்களுக்கு: ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளி சுமார் இருபது கிலோமீட்டர். மாட்டை ரப்பர் பாய்மேல் நிறுத்துங்கள், அருகில் எந்த மோட்டாரும் ஓடக்கூடாது. இயந்திரம் காட்டுவதை வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டு உடனே பஸ் ஏறிவிடாதீர்கள். அடுத்து என்ன செய்வது என்று அவர்கள் பேசி முடிக்கும்போது நீங்கள் அங்கே தேவைப்படுவீர்கள்.