மூக்கில் இரத்தம் வந்த காரணம்

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எழுத எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை, அதுவும் மூக்கைப் பற்றி. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் ஊர் கனமூலையிலிருந்து பஸ் ஏறி, உப்பளம் ஒன்றுக்கு உப்பு வாரப் போய்க்கொண்டிருந்தேன். வெயிலில் கடினமான வேலைதான். ஆனாலும் வீட்டில் வாய் திறக்காத நான், அங்கே கூட வேலை செய்த பெண்களோடுதான் வாய்விட்டுச் சிரிப்பேன்.

காற்றுக் காலத்தில் ஒரே கிழமையில் மூன்று தடவை மூக்கால் இரத்தம் வந்தது. மூன்றாவது தடவை வீட்டில், சோறு போடும்போது. மகன் ஓடி வந்து என்னை அண்ணாந்து பார்க்க வைத்து, உச்சியில் தண்ணீர் ஊற்றினான். இரத்தம் தொண்டைக்குள் இறங்கி எனக்குக் குமட்டியது.

“நேத்து அன்னாசி திண்ட சூடு,” என்றாள் மருமகள்.

“இல்ல, உப்புக் காத்து. உம்மா இனி வேலைக்குப் போக வேணாம்,” என்றான் மகன்.

அன்று பின்னேரமே இருவரும் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டொக்டர் சிங்களவர். சிலாபத்தில் சிங்களவர்களோடு வளர்ந்த மருமகள்தான் மொழிபெயர்த்தாள். பிரஷர் பார்த்தார், சரியாக இருந்தது. தடிமன், சளி இருக்கிறதா, ஏதாவது மாத்திரை எடுக்கிறேனா என்று கேட்டார். இரண்டும் இல்லை. டோர்ச் அடித்து மூக்குக்குள் பார்த்துவிட்டு இன்னொன்று கேட்டார். மருமகள் தயங்கினாள்.

“மாமி, டொக்டர் கேக்குறாரு…”

உப்பளத்தில் பழகிய சிங்களத்தில் எனக்கே விளங்கியிருந்தது. மகன் கதவடியில் நின்றான். இல்லை என்று சொன்னால் பழி உப்புக் காற்றின் மேல் விழும், வேலையும் போய்விடும்.

“ஓம் மகள், மூக்குக்குள்ள விரல் போடுறதுதான்.”

“எப்பயாச்சுமா?”

“ஒவ்வொரு நாளும். உள்ளுக்குக் காஞ்சு பொருக்குக் கட்டுது. கீறித்தான் எடுக்கணும்.”

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு டொக்டரிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. நிறையப் பேருக்கு இதுதான் காரணம், வெட்கத்தில் சொல்லமாட்டார்கள் என்றார்.

“காத்துல காயுதாம். கிழிக்கிறது மாமிட நகமாம்,” என்றாள் மருமகள். டொக்டர் சொன்னது இதுதான்: வேலைக்குப் போகலாம், மூக்கைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும், இரவில் உள்ளே வஸ்லின் பூச வேண்டும். திரும்ப இரத்தம் வந்தால் முன்னால் குனிந்து, மூக்கின் மிருதுவான பகுதியைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் உடனே வர வேண்டும்.

“இதுக்குத்தானே பேத்திக்கு ஏசுறீங்க உம்மா,” என்றான் மகன். வேலையைப் பற்றிப் பிறகு அவன் கதைக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் நகம் வெட்டிவிட்டு, ஆறு மணி பஸ்ஸில் உப்பளத்துக்குப் போனேன்.