லூர்துமேரியின் காபிப் பாட்டு

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் 'மேரி ஆடியோஸ்' என்று ஒரு பலகை தொங்கும். கடையின் முதலாளி லூர்துமேரி, என் மனைவி. ஸ்பீக்கர் பெட்டி தூக்குகிறவன், ஒயர் இழுக்கிறவன், ஆம்ப்ளிஃபயர் சூடானால் விசிறிவிடுகிறவன் விருத்தாசலம், அதாவது நான். யாராவது "மேரி வூட்டுக்காரரா நீங்க?" என்று கேட்டால் ஒரு சுற்று பெருத்துவிடுவேன். ஆமாம், அவள் வீட்டுக்காரன்தான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வேதக்கோயில் என்று நாங்கள் சொல்லும் சர்ச் திருவிழா, எதுவானாலும் என்ன பாட்டு எப்போது என்பது அவள் முடிவு. வீட்டுக்காரர்கள் முறையாகக் கேட்பதை முறையாகப் போடுவாள். ஆனால் அவள் உயிர் இருப்பது ஸ்பானிஷ் பாட்டில். அந்த மொழியில் "தண்ணி குடு" என்று கேட்கக்கூட அவளுக்குத் தெரியாது. பாட்டு ஓடினால் மட்டும் அடுப்பில் கேப்பைக் களி தீய்வது தெரியாது. எத்தனை நாள் நான் தீய்ந்த களியைத் தின்றிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

வரவேற்பு நிகழ்ச்சியில் துள்ளலான லத்தீன் பாட்டு ஒன்றை அவள் இறக்கினால், மாப்பிள்ளையின் பெரியப்பாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். "அந்த அடி நம்ம பம்பை அடி மாதிரிதான்யா இருக்குது. மொழி எதுக்கு? இடுப்புக்குப் புரிஞ்சா போதும்" என்பாள்.

அதிலும் காபியைப் பற்றிய பாட்டு என்றால் அவளுக்குத் தனிப் பிரியம். கல்யாணத்துக்கு முன்பு அவள் வீட்டார் அறுவடைக்கு அறுவடை குடகு மலைக்குக் காபி பறிக்கப் போவார்கள். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, பனியில் விரல் மரத்துப்போக, சிவந்த பழமாகப் பார்த்துப் பறித்தவள் இவள். அங்கே கூட வேலை செய்த பெண்ணின் போனில்தான் முதன்முதலில் ஒரு ஸ்பானிஷ் பாட்டைக் கேட்டிருக்கிறாள். மெட்டு மனதில் ஒட்டிக்கொண்டது. ரொம்ப காலம் கழித்து, போனிலேயே அதற்கு அர்த்தம் தேடிப் பார்த்தாள். அதுவும் எங்கோ ஒரு மலையில் காபி பறிக்கிற பெண் பாடுவதுதான். அன்றைக்கு உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"நம்ம பாட்டுல காபி வந்தா குடிக்கிறவன் இருப்பான். ஆத்திக் குடுக்குறவ இருப்பா. தட்டுல வச்சிக்கினு வெக்கப்படுற பொண்ணு இருப்பா. பறிக்கிறவ எங்கய்யா? அவங்க பாட்டுல இருக்காய்யா அவ" என்றாள்.

பிறகு அந்த மெட்டுக்கு அவளே தமிழில் வார்த்தை கட்டினாள். மல்லாட்டைக் கடலை உரிக்கும்போது தனக்குள் பாடிக்கொள்வாள். நம் கையிலேயே மைக் இருக்கிறதே, ஒரு தடவை பாடேன் என்று நான் கெஞ்சாத நாளில்லை. "சும்மா கெட" என்பதோடு சரி.

போன தை மாதம் வளவனூர் சக்கரபாணியின் மகளுக்கு விழுப்புரத்தில் கல்யாணம். நெல்லும் கரும்புமாக நல்ல விவசாயக் குடும்பம். அந்தப் பக்கத்தில் எங்களுக்கு வரும் கல்யாணமெல்லாம் அவர் சொல்லி வருவதுதான். விடியற்காலையில் பிள்ளையார் பாட்டு, முருகன் பாட்டு, நாகஸ்வரம் என்று மேரி ஒன்றையும் விடவில்லை. முகூர்த்தத்துக்கு முன்னால் காபி நேரம் ஒன்று உண்டு. சொந்தக்காரர்கள் குளித்துவிட்டு வந்து டம்ளரோடு உட்காருவார்கள். அந்த நேரத்துக்கு ஒரு காபிப் பாட்டு போடுவது மேரியின் வழக்கம். அன்றைக்குத் தன் மலைப் பாட்டையே போட்டாள். கிடார் ஒன்று, பெண் குரல் ஒன்று, நிதானமாக ஓடும் பாட்டு.

சக்கரபாணி கையில் டம்ளரோடு வேகமாக வந்தார்.

"இன்னாம்மா இது? என் பொண்ணு கல்யாணத்துல வேதக்கோயில் பாட்ட போட்டுக்கினு இருக்க?"

"வேதப் பாட்டு இல்லீங்கண்ணா. காபி பறிக்கிற பாட்டு."

"எனக்குத் தெரியாதா? உங்க கோயில்ல கிடார வச்சிக்கினு இப்படித்தான இழுப்பாங்க? சம்பந்தி வூட்ல ஒரு மாதிரி பாக்குறாங்க. பேஜாரு பண்ணாத. நிறுத்திட்டு செட்ட கட்டு. முகூர்த்தத்துக்கு வேற செட்டு வரச் சொல்றேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வேலை போனால் போகட்டும், இன்னொன்று வரும். அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் தன் சாமியைக் கொண்டுவந்து நுழைத்தவள் என்று ஒரு பேர் வந்தால், அது இந்த ஜென்மத்தில் போகுமா? திருவாமாத்தூர் கோயிலில் நடக்கிற கல்யாணங்களுக்கெல்லாம் தேவாரம் தேடித் தேடிப் போட்டவள் அவள். "இன்னா பேசுறீங்க நீங்க?" என்று எழுந்தேன். மேரி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

பாட்டை நிறுத்தினாள். மைக்கை எடுத்தாள்.

"அண்ணா, இதே பாட்ட நான் தமிழ்ல பாடுறேன். ஒரு சாமி பேரு வந்தாலும் நானே செட்ட கட்டிக்கினு போயிடுறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் தொடங்கிவிட்டாள்.

"செவந்த பழமாப் பாத்துப் பறிச்சேன்
கறை போகல வெரல விட்டு
மலைக்குக் கீழ மணக்குது காபி
பறிச்சவ குடிச்சாளா, யாரு கேட்டீங்க?"

முதல் வரியில் குரல் உடைந்தது. இரண்டாவது வரியில் திடமாகிவிட்டது. சமையல்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றார்கள். கடைசி வரியை அவள் திரும்பப் பாடியபோது, அதில் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை எங்கள் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. எழுந்து நின்று "என் பொண்டாட்டி" என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் அடி விழும் என்று இருந்துவிட்டேன்.

சக்கரபாணி கையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் மைக்செட்காரர்களுக்குக் காபி கடைசியில்தான் வரும், மிச்சம் இருந்தால். அது அவருக்கும் தெரியும்.

"நீ குடிச்சியாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் வரலீங்கண்ணா."

அவர் யாரையும் கூப்பிடவில்லை. பெண்ணைப் பெற்றவர், பட்டு வேட்டியோடு, சமையல்கட்டுக்குள் அவரே போனார். தட்டில் இரண்டு டம்ளர் வைத்து எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். சம்பந்தி வீட்டார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எடுத்துக்கம்மா. குடிச்சிட்டு அந்தப் பாட்டையே திரும்பப் போடு. முகூர்த்தத்துக்கும் நீதான்."

மேரி டம்ளரை எடுத்தாள். நிதானமாக ஒரு வாய் குடித்தாள்.

"சக்கர கம்மிண்ணா" என்றாள்.

அவர் சர்க்கரை எடுத்துவர மறுபடியும் உள்ளே போனார்.